புட்டியில் ஒட்டிய பெயர்

அர்லெத்தின் இடது கை எட்மேயின் காலைத் தூக்கிப் பிடித்திருந்தது. வலது கைக் கட்டைவிரல் குதிகாலைச் சுற்றி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. லேசாகச் சிவந்திருந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். வெளுத்தது, உடனே நிறம் திரும்பியது. பயமில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தோல் முதலில் கெடுவது குதிகாலிலும் இடுப்பெலும்பு மேலும்தான். அந்த இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க ஒருத்தி இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

"மெதுவாடி. இது கால், ரொட்டி மாவு இல்ல."

"மாவா இருந்தா எப்பவோ பொங்கியிருக்கும். இத்தனை வருஷமா பிசையறேனே. அந்தப் பக்கம் திரும்பு."

எட்மே திரும்பினாள். வலது பாதி தானாகத் திரும்பியது, இடது பாதியை அர்லெத் திருப்பினாள். பக்கவாதம் எட்மேயின் இடது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு வாயை விட்டுவைத்திருந்தது. அந்த வாய்க்குப் பயந்து, வீட்டுப் பராமரிப்பு நிலையம் அனுப்பிய பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு மாடி கீழே குடியிருந்த அர்லெத் மட்டும் நின்றாள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஒரு வீட்டை அவள் விடவில்லை. எட்மேயின் வாய் அவளுக்குப் பழைய பழக்கம். இரண்டு பேரும் பிரான்சின் கிராஸ் ஊரில் ஒரே வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை. ஜூலை வெயில் ஏறுவதற்குள் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட வேண்டும். எட்மேயைச் சாய்வு நாற்காலிக்கு மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுத்து அர்லெத் நிமிரும்போது எட்மேயின் மகன் ரெமி உள்ளே வந்தான். பழைய ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்து, சொந்தமாக வாசனைத் திரவியம் செய்பவன். இதுவரை மூன்று செய்திருந்தான். பெரிய கடைகளில் கிடைக்காது. பாரிஸிலும் மிலானிலும் விஷயம் தெரிந்த சிலர் தேடிப் போய் வாங்குவார்கள். விலையைக் கேட்டால் அர்லெத்துக்குச் சிரிப்பு வரும்.

"நாலாவது முடிஞ்சுது," என்றான். "நாளைக்குச் சாயங்காலம் கடையில வெளியிடறேன். முதல்ல அம்மாவுக்கு."

பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து எட்மேயின் மணிக்கட்டில் அடித்தான், கழுத்தில் அடித்தான், சந்தோஷத்தில் நரைத்த தலைமுடியிலும் நாற்காலி மெத்தையிலும் அடித்தான்.

முதலில் பவுடர் வந்தது. முகத்துக்குப் போடும் அரிசிப் பவுடர், ஐரிஸ் கிழங்கும் வயலெட் பூவும் சேர்த்து அரைத்தது, மெத்தென்று. அது அறையில் படியும் முன்பே அடியிலிருந்து பதனிட்ட தோலின் வாசனை கிளம்பியது. புதுச் செருப்புக் கடையின் தோல் இல்லை. வெயிலில் நின்ற குதிரையின் முதுகிலிருந்து அப்போதுதான் கழற்றிய தோல். வியர்வை, புகை, தார். சர்ச்சுக்குப் போகக் கிளம்பிய பெண் பாதி வழியில் வேறெங்கோ திரும்பிவிட்டது போல இருந்தது.

"யாருன்னு சொல்லுங்க பாப்போம், மதாம் அர்லெத்."

அர்லெத் துண்டை மடித்தாள். "நான்," என்றாள்.

ரெமியின் முகம் விரிந்தது. "தெரியும், கண்டுபிடிப்பீங்கன்னு. நான் ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம் நீங்க வேலை முடிஞ்சு படியேறிப் போயிருப்பீங்க. ரெண்டாவது மாடியில உங்க கதவு வரைக்கும் இந்த வாசனை நிக்கும். அந்தப் படிக்கட்டைப் பிடிக்கத்தான் இத்தனை வருஷம் ஆச்சு."

புட்டியை அவளிடம் நீட்டினான். கனமான கண்ணாடி. முன்பக்கம் கறுப்பு லேபிள், அதில் வெள்ளையில் ஒரே வார்த்தை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அர்லெத் படித்தாள்.

சேணம்.

பதினேழு வயதில் அர்லெத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது பூக்கூடத்தில் இடம் இல்லை. மல்லிகையும் ரோஜாவும் வந்து இறங்கும் அந்தக் கூடத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். எட்மே அவர்களுக்குத் தலைவி மாதிரி. அர்லெத்தின் அப்பா இத்தாலியிலிருந்து வந்த கூலிக்காரர். அவளை முற்றம் தாண்டிப் பின்னால் இருந்த அறைக்கு அனுப்பினார்கள். மற்ற வாசனைகளைக் கெடுத்துவிடும் சரக்கெல்லாம் அங்கேதான் இருந்தது: புனுகு, பீவர் என்ற நீர் விலங்கின் சுரப்பி, பூர்ச்ச மரத் தார், ஒரு துளி விழுந்தாலும் அறையே குதிரை லாயமாகிவிடும் ஒரு மஞ்சள் திரவம். தோல் வாசனை வேண்டும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகும். அதை நிறுத்துக் கொடுப்பது அவள் வேலை.

அந்தச் சரக்கு கையுறைக்குள் போகும், தலைமுடிக்குள் போகும், சோப்புக்கு அடங்காது. வேலை முடிந்ததும் அர்லெத் சந்தைப் பக்கத்துக் கடையில் வாங்கிய அரிசிப் பவுடரைக் கழுத்திலும் கையிலும் அப்பிக்கொள்வாள். தோல் போகாது, பவுடர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.

சேணம் என்று பெயர் வைத்தது எட்மே. பெயரோடு நின்றிருந்தால்கூடப் போயிருக்கும். இரண்டு வரிப் பாட்டு ஒன்றும் கட்டினாள். அர்லெத் பஸ்ஸில் ஏறும்போது ஒருத்தி முதல் வரியைக் கேட்பாள், இன்னொருத்தி இரண்டாவது வரியைச் சொல்வாள், பஸ் முழுக்கச் சிரிக்கும். பாட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்தைக்குப் போனது, சந்தையிலிருந்து ஆண்கள் சீட்டாடும் காபிக் கடைக்குப் போனது. அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு மெக்கானிக் பாட்டைக் கேட்ட வாரத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டான். கடைசியில் அவள் கட்டிக்கொண்டது ஆன்ஜ் என்ற கொத்தனாரை. சாரத்திலிருந்து விழுந்து மூக்கு உடைந்தவர். வாசனை தெரியாது, காது கேட்கும். பாட்டைப் பாடியவனை அடிக்கப் போய் ஒரு பல்லை இழந்துவிட்டு வந்தார். அர்லெத் உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ஆன்ஜ் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. தொழிற்சாலை மூடியதும் அவள் முதியோர் பராமரிப்புப் படித்து, சான்றிதழ் வாங்கி, ஊர்க் கிழங்களை எல்லாம் குளிப்பாட்டினாள். அந்த வேலையில் மணமே இல்லாத சோப்புதான் போட வேண்டும். பெயரும் மெல்ல மெல்ல ஊரின் வாயிலிருந்து உதிர்ந்துபோனது.

இப்போது அது கண்ணாடியின் மேல் இருந்தது.

"இந்தப் பேரை எடு, ரெமி."

"என்ன சொல்றீங்க? இது உங்களுக்கு நான் செய்ற மரியாதை."

"மரியாதைன்னா எனக்கு வேண்டாம். எடு."

"அம்மா எனக்கு எல்லாம் சொல்லியிருக்காங்க. பஸ்ஸில குதிரைச் சவாரி போற மாதிரி நிமிர்ந்து உக்காந்து வருவீங்களாம், யாரையும் திரும்பிப் பாக்க மாட்டீங்களாம். அதனாலதான் அந்தப் பேருன்னு. அதை வெச்சுத்தான் படமே எடுத்தேன்."

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினான். வெற்று முதுகு காட்டி நிற்கும் ஒருத்தி, குறுக்கே ஒரு தோல் வார்.

அர்லெத் எட்மேயைப் பார்த்தாள். எட்மே சுவரைப் பார்த்தாள்.

"அது அசிங்கமான பேரு," என்றாள் அர்லெத். "அவ்வளவுதான் நான் சொல்வேன்."

"கொஞ்சம் அசிங்கம் இருந்தாத்தானே திரும்பிப் பாப்பாங்க. பாருங்க, புட்டியெல்லாம் ஒட்டி முடிச்சாச்சு. நாளைக்கு ஆளுங்க பாரிஸ்லேர்ந்து வர்றாங்க. உங்களுக்கு முன்வரிசையில நாற்காலி போட்டிருக்கேன்." அவளுக்குக் கூச்சம் என்று அவன் நினைத்துக்கொண்டான். தோளைத் தட்டிவிட்டு, கடைக்குப் போய்ச் சாயங்காலம் சீட்டாட்டத்துக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனான்.

வாசற்கதவு மூடும் வரை அர்லெத் காத்திருந்தாள்.

"குதிரைச் சவாரியா?"

"சின்னப் பையன் வந்து கேட்டான்," என்றாள் எட்மே. "பின்ன, உள்ளதைச் சொல்லவா?"

"இப்ப அவன் சின்னப் பையன் இல்ல. உள்ளதைச் சொல்லு."

"விளையாட்டுக்குச் சொன்னது. எல்லாருக்கும்தான் பேரு வெச்சோம். நம்ம பூக்கூடத்து ஒதிலை என்னன்னு கூப்பிட்டோம், ஞாபகம் இருக்கா?"

"வாத்து. வாத்தை யாரும் படுக்கைக்குக் கூப்பிடல."

எட்மே பாவாடை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

"இன்னிக்குள்ள சொல்லிடு," என்றாள் அர்லெத். "நாளைக்கு அந்தப் பேரோட ஒரு புட்டி வெளிய போச்சுன்னா அப்புறம் கூப்பிட்டு வாங்க முடியாது. நான் சொன்னா வெக்கப்படறேன்னு நினைக்கறான். நீ சொன்னாத்தான் நம்புவான்."

"சொல்லலன்னா? நாளைக்கு வர மாட்டியா?"

"வருவேன். உன் குதிகாலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்."

வர மாட்டேன் என்ற அந்த மிரட்டலை அவள் யோசிக்காமல் இல்லை. படிக்கட்டில் இறங்கும்போது யோசித்தாள், தன் வீட்டில் கொண்டைக்கடலைச் சூப்பைச் சுட வைக்கும்போது யோசித்தாள். ஒரு வாரம் போகாமல் இருந்தால் ரெமி லேபிளை என்ன, கடையையே கழற்றி வைப்பான். ஆனால் நோயாளியைப் பணயம் வைத்து ஒன்று வாங்குவது அவளுக்குத் தெரிந்த வேலை இல்லை. வேறு வழி பார்க்க வேண்டும். எட்மே சொல்லவில்லை என்றால் நாளைக்கு முன்வரிசை நாற்காலியிலிருந்து தானே எழுந்து, பாரிஸ்காரர்கள் முன்னால் அந்த இரண்டு வரியையும் பாடிக் காட்டுவது என்று தீர்மானித்தாள். சூப்பை முழுக்கக் குடித்து, பாத்திரத்தைக் கழுவி வைத்தாள்.

மதியம் போனபோது எட்மே மணிக்கட்டைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தாள்.

"இதைக் கழுவி விடு. தலை வலிக்குது."

அர்லெத் ஒப்புக்குக் கழுவவில்லை. முதலில் எண்ணெய் வைத்துத் துடைத்தாள், பிறகு சோப்பு, பிறகு தண்ணீர். மணிக்கட்டும் கழுத்தும் இரண்டு தடவை. தலைமுடியை ஈரத் துண்டால் அழுத்தி எடுத்தாள்.

"போச்சா?"

"பவுடர் கொஞ்சம் போச்சு. தோல் போகாது."

"எப்பத்தான் போகும்?"

"எனக்குப் போக, தொழிற்சாலையை மூட வேண்டியிருந்தது."

"ஜன்னலையாவது திற."

"வெளிய அடுப்பு மாதிரி இருக்கு. போன கோடையில மயக்கம் போட்டது மறந்துபோச்சா? அஞ்சு மணிக்குத் திறக்கறேன்."

"மார்த்தும் ஒதிலும் இன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லு."

"நானா கூப்பிட்டேன்? போன் உன் கைக்கிட்டத்தான் இருக்கு. என்ன காரணம் சொல்லுவ?"

எட்மே போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் மார்த்தும் ஒதிலும் பெலோத் என்ற சீட்டாட்டம் ஆட வருவார்கள். இருவரும் பூக்கூடத்துப் பெண்கள், எண்பதைத் தொட்டவர்கள். நாலாவது கை ரெமி. மார்த்துக்கு இரண்டு கண்ணிலும் திரை விழுந்திருந்தது, சீட்டைக்கூட முகத்தோடு ஒட்டிப் பிடித்துத்தான் பார்ப்பாள். அறுவைச் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளாமல் மூக்கை வைத்தே ஊரைச் சுற்றி வந்தாள். ரொட்டிக் கடைக்காரி புதுச் சோப்பு மாற்றினால் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அந்தத் தொழிற்சாலையில் இருந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான். முகம் மறந்தாலும் வாசனை மறக்க மாட்டார்கள். ஆளுக்கு வணக்கம் சொல்வதற்கு முன் மூக்கு போய் ஆளைப் பார்த்துவிட்டு வரும்.

நாலு மணிக்கு அர்லெத் அடுக்களையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரெமி கண்ணாடிக் குவளைகளையும் ஆரஞ்சுப்பூச் சர்பத்தையும் தட்டில் எடுத்துக்கொண்டு நடையில் போனான். வாசல் திறந்தது. ஒதிலின் கையைப் பிடித்துக்கொண்டு மார்த் வந்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்த அறை இருட்டாக இருந்தது. மார்த் நிலைப்படியில் நின்று தலையை உயர்த்தி முகர்ந்தாள். சாய்வு நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பது வரைதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அட, யாரு இது," என்றாள். அவளுடைய கிழக் குரலுக்குள்ளிருந்து இருபது வயதுக் குரல் ஒன்று கிளம்பியது, ராகத்தோடு. "ஏண்டி சேணம், ராத்திரி எவன்டி ஏறினான்?"

ஒதிலுக்குக் காது மந்தம். ஆனால் அந்த ராகம் காதுக்குப் போக வேண்டியதில்லை. யோசிக்காமல் பதில் வரியைப் போட்டாள். "இறங்கிப் போனவனை முகர்ந்து பாரு, பேரு தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். தோள் குலுங்க, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு.

"நான் எட்மே," என்றது நாற்காலி.

சிரிப்பு நின்றது. மார்த் இன்னும் இரண்டு அடி வந்து குனிந்து முகர்ந்தாள். "எட்மேயா? பொய் சொல்லாத. இது சேணம் வாசனை. பவுடர்கூட அவ பவுடர்தான்."

"உன் மூக்கைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. நான்தான்."

"அடிப் பாவி," என்றாள் ஒதில். "உன்மேல எப்படி ஏறிச்சு இது?"

நடையில் தட்டோடு ரெமி நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பாட்டு அது?"

மார்த்துக்கு அவன் முகம் தெரியவில்லை, குரலில் இருந்ததும் உறைக்கவில்லை. "பழைய பஸ் பாட்டுப்பா. தினமும் பாடுவோம், காலையிலும் சாயங்காலமும். அவ கல்யாணத்தன்னிக்குச் சர்ச் வாசல்லகூட யாரோ பாடினாங்க. உங்க அம்மா கட்டினதுதானே. எங்களுக்கு அவ்வளவு புத்தி ஏது."

அர்லெத் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு வந்தாள். கையில் சூடான தலையணை உறை. மார்த் அவள் பக்கம் திரும்பினாள், முகர்ந்தாள். சலவைச் சோப்பைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

"அது யாரு?"

"அர்லெத். நீ தேடினவ."

மார்த் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஒதில் தரையைப் பார்த்தாள்.

"அம்மா," என்றான் ரெமி. "நிமிர்ந்து உக்காந்து வந்தாங்கன்னு சொன்ன."

எட்மே நல்ல கையால் கெட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, விலை கேட்பவனுக்குச் சரக்கின் விலையைச் சொல்வது போல நேராகச் சொன்னாள். "நிமிர்ந்துதான் உக்காந்தா. அதுக்காகப் பேரு வைக்கல. பேரு வெச்சது நான். ரெண்டு வரியும் நான்தான் கட்டினேன். அவளைத் தேடி வந்த பையனை நிறுத்தினதும் அந்தப் பாட்டுதான். அது எனக்கு அப்பவே தெரியும். அதுக்கப்புறமும் பாடினேன்."

"ஏன்?"

"நல்லா இருந்துது, எல்லாரும் சிரிச்சாங்க. இன்னிக்குக் காலையிலேர்ந்து இந்த நாத்தத்தோட உக்காந்திருக்கேன். ஒரு நாள் தாங்கல." மகனைப் பார்த்தாள். "அந்தப் பேரோட ஒரு புட்டி வெளிய போகக் கூடாது."

ரெமி தட்டைக் கீழே வைத்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "மதாம் அர்லெத், எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கணும்."

"மன்னிப்பை நான் எங்கே வெச்சுக்கறது? லேபிளை எடு."

"நாளைக்குச் சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க. வேற லேபிள் அச்சடிக்க நேரமில்ல."

"இல்லாம இருக்கட்டும். வாசனைக்கு வந்தவன் மூக்கால பாக்கட்டும்."

"உங்க பேரையே கையால எழுதி..."

"என் பேரு என் தபால் பெட்டியில இருக்கு. அங்கயே இருக்கட்டும். அந்த அட்டையில முதுகு காட்டி நிக்கறாளே, அவளையும் வீட்டுக்கு அனுப்பிடு."

அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. பெயருக்காகத்தான் மிலான்காரர்கள் கேட்டார்கள் என்றான், மூன்று மாதமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன் என்றான். அர்லெத் குறுக்கிடவில்லை. தலையணை உறையை மாட்டினாள், எட்மேயின் முதுகுக்குப் பின்னால் செருகினாள், அவன் பேசி முடிக்கும் வரை அங்கேயே நின்றாள். கடைசியில் அவன் கார்ச் சாவியை எடுத்தான். "பெட்டிகளை இங்க கொண்டுவரேன். கடையில தண்ணித் தொட்டி சின்னது."

"அப்ப நாலாவது கை?" என்றாள் ஒதில்.

"அர்லெத், உக்காரேன்," என்றாள் எட்மே, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கு இஸ்திரி பாக்கி இருக்கு. மூணு பேரு ஆடறதுக்கும் ஆட்டம் இருக்கு, ஆடுங்க." ஐந்து மணிக்கு வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அர்லெத் வழக்கமான நேரத்துக்கு மாடியேறினாள். குளியல் தொட்டி நிறைய வெந்நீர். அதில் கழுத்து வரை மூழ்கி நின்றன புட்டிகள். ரெமி முழங்கை வரை நனைந்து ஒரு லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உரித்துப் போட்ட கறுப்புக் காகிதம் குவிந்திருந்தது.

"வாங்க. பாதிகூட ஆகல. பசை விட மாட்டேங்குது."

"சமையல் எண்ணெய் தடவு. முதல்ல நான் அவளைப் பாத்துட்டு வரேன்."

எட்மேயைத் துடைத்தாள், உடை மாற்றினாள், குதிகாலுக்கு எண்ணெய் தேய்த்து அழுத்திப் பார்த்தாள். நேற்றைக்கு இன்று தேவலை. தலைமுடியில் தோல் வாசனை இன்னும் இருந்தது. காபியில் ரொட்டியை நனைத்துக் கொடுத்து, நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்ததும் எட்மே தன் வலது கையை நீட்டினாள்.

"எனக்கும் ரெண்டு கொண்டுவா. நகம் இருக்கு."

அர்லெத் அவள் மடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஒரு தட்டை வைத்து, புட்டி நழுவாமல் இருக்க ஈரத் துண்டைச் சுருட்டி அணை கொடுத்தாள். சொட்டச் சொட்ட இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அடுக்களையிலிருந்து மழுங்கின கத்தி ஒன்றை எடுத்துவந்து, தொட்டி ஓரத்தில் முக்காலி போட்டு ரெமிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அறையிலிருந்து எட்மேயின் குரல் வந்தது.

"இது வர மாட்டேங்குதுடி. மூலையில ஒட்டிக்கிட்டு நிக்குது."

"இழுக்காத, கிழியும். மறுபடி வெந்நீர்ல போடணும். இரு, வரேன்," என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் அர்லெத்.